அச்சில் மட்டும் மரியாதை

ஊர் ஊராகப் போய் மனிதர்களிடம் பேசி எழுதுகிறவன் நான். என் கட்டுரைகளில் நான் கேட்கும் கேள்விகள் எல்லாம் மரியாதையாகவே அச்சாகியிருக்கின்றன. 'எத்தனை வருஷமா இந்த வேலை செய்றீங்க?' 'உங்க பிள்ளைங்க என்ன படிக்கிறாங்க?' அவற்றில் பலவற்றை நான் அப்படிக் கேட்கவில்லை. 'எத்தினி வருஷமா இந்த வேல செய்யிற?' என்றுதான் கேட்டேன். அப்படிக் கேட்கப்பட்டவர்களில் என் தகப்பன் வயதுக்காரர்கள் இருந்தார்கள். யாரிடம் மரியாதையாகக் கேட்டேன், யாரிடம் ஒருமையில் கேட்டேன் என்பதில் ஓர் ஒழுங்கும் இருந்தது. ஊர்த்தெருவில் 'நீங்க', சேரியில் 'நீ'. எழுதும்போது அதைத் திருத்திவிட்டேன். திருத்துகிறேன் என்ற நினைவே இல்லாமல் திருத்தியிருக்கிறேன்.

இது எனக்குத் தெரியவந்தது அண்ணாகிராமம் ஒன்றியத்திலிருந்து சிதம்பரம் வரை உள்வழியாகவே போன ஒரு பயணத்தில். விக்கிரவாண்டியிலிருந்து பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகக் கும்பகோணம், தஞ்சாவூர் போகும் பெரிய சாலையில் போனால் சீக்கிரம் போய்விடலாம். அந்தச் சாலையில் போகிறவனுக்கு ஒரு மனிதரிடமும் பேசவேண்டிய தேவை வராது. நான் அதைக் குறுக்கே கடந்தேனே தவிர, அதில் போகவில்லை. ஒன்றியச் சாலைகள், ஏரிக்கரைகள், கரும்பு வண்டி போகிற தடங்கள், முந்திரிக்கொல்லைகளுக்கு நடுவே ஓடும் செம்மண் பாதைகள் என்று போனேன். கைப்பேசி காட்டும் வழி இங்கெல்லாம் யாரோ ஒருவருடைய கொல்லையில் கொண்டுபோய் நிறுத்தும். அதனால் வண்டியை நிறுத்தி நிறுத்தி வழி கேட்கவேண்டியிருந்தது.

தமிழில் வழி கேட்பது லேசான காரியமில்லை. 'இந்த ரோடு எங்க போவுது?' என்பதோடு நிறுத்திக்கொண்டால் தப்பிக்கலாம். அடுத்த கேள்வியிலேயே எதிரில் நிற்பவரை எங்கே வைப்பது என்று முடிவு செய்தாக வேண்டும். 'நீங்க இந்த ஊருதானா?' அல்லது 'நீ இந்த ஊருதானா?' நடுவில் வேறு ஒன்றும் கிடையாது. அந்த முடிவை நான் எடுத்துக்கொண்டே போயிருக்கிறேன். எடுக்கிறேன் என்றுகூடத் தெரியாமல் எடுத்திருக்கிறேன்.

பேச்சுகளைக் கைப்பேசியில் பதிவு செய்துகொள்வது என் வழக்கம். எழுதும்போது மக்களுடைய சொல் அப்படியே வேண்டும் என்பதற்காக. நடுநாட்டுப் பேச்சை கண்மணி குணசேகரன் அகராதியாகவே தொகுத்திருக்கிறார். அந்தச் சொற்களைக் காதால் கேட்டு எழுதவேண்டும் என்ற ஆசை எனக்கும் உண்டு. சிதம்பரத்தில் கீழவீதிப் பக்கம் ஒரு விடுதியில் இரவு தங்கி, பதிவானதையெல்லாம் முதலிலிருந்து கேட்டேன். சுவாரஸ்யமான சொற்களைக் குறித்துக்கொண்டு வந்தவன் ஒரு கட்டத்தில் எழுதுவதை நிறுத்திவிட்டேன். அவர்கள் பேசுவதை விட்டுவிட்டு என் குரலை மட்டும் கேட்கத் தொடங்கினேன்.

என் குரலை மட்டும் வைத்தே அந்த இடம் ஊரா சேரியா என்று சொல்லிவிட முடிந்தது.

ஒரு டீக்கடையில் இருபது வயதுப் பையனிடம், 'தம்பி, நீங்க காலேஜா?' அடுத்த பதிவில், ஆடு மேய்த்துக்கொண்டிருந்த முதியவரிடம், 'ஏம்பா, நீ எங்கேர்ந்து வர?' அவர் என்னை 'வாங்க சாமி' என்கிறார். நான் தொடர்ந்து 'ஏம்பா, ஏம்பா' என்றே பேசுகிறேன். குரலில் கடுமை இல்லை. கனிவாகத்தான் இருக்கிறது. எனக்குப் பயத்தைக் கொடுத்தது அந்தக் கனிவுதான். திட்டுகிறவனுக்குத் தான் திட்டுவது தெரியும். எனக்கு அன்பாகப் பேசிக்கொண்டிருப்பதாக நினைப்பு.

அவருடைய சாதியை யாரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சாதியை வாய்விட்டுக் கேட்பது அநாகரிகம் என்று வளர்ந்தவன் நான். பிறகு எப்படித் தெரிந்தது? ஊர் முடிந்து, வாய்க்காலைத் தாண்டி, சாலை இறங்குகிற இடத்தில் அவர் நின்றார். இருபது அடி முன்னால் இரும்புக் கூண்டுக்குள் அம்பேத்கர் சிலை இருந்தது. கொடிக்கம்பம் இருந்தது, ஒரே அளவில் கட்டிய தொகுப்பு வீடுகள் இருந்தன. வண்டிச் சத்தம் கேட்டதும் அவர் சாலையிலிருந்து இறங்கி ஓரமாக நின்றார். இவ்வளவையும் என் கண் எடுத்து, கணக்குப் போட்டு, நாக்கிடம் கொடுத்திருக்கிறது. வண்டியின் ஓட்டம் நிற்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தபோது கைதட்டியவர்களில் நானும் ஒருவன். பலகையை மாற்றலாம். பலகை இல்லாமலே படிக்கத் தெரிந்த என்னை என்ன செய்வது?

ஊர்த்தெருவில் பிறந்தவன் நான். இடைநிலைச் சாதி. எங்கள் வீட்டுக் கொல்லையில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்த் திருவதிகைத் தேர் காட்டியிருக்கிறார். தேர்க்கால் பக்கம் போகாமல் தள்ளியே நின்றார். ஏன் என்று கேட்கத் தோன்றாத வயது எனக்கு. அவரை நான் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். என் தாத்தாவை விட மூத்தவர். அவர் என்னை 'வாங்க, போங்க' என்பார். முதன்முதலில் நான் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டபோது வீட்டில் யாரும் என்னைத் திருத்தவில்லை. அதே வாயால் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை 'நீ' என்று சொன்னதற்கு அம்மாவிடம் அடி வாங்கியிருக்கிறேன். மரியாதை எனக்கு ஒழுங்காகக் கற்றுக்கொடுக்கப்பட்டது. யாருக்குத் தரக்கூடாது என்பதையும் சேர்த்தே கற்றுக்கொண்டேன்.

இதற்குச் சொல்லப்படும் சமாதானம் எனக்குத் தெரியும். அன்று இரவே எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கடலூர்ப் பக்கத்துப் பேச்சே அப்படித்தான். அம்மாவையும் நீ என்போம், சாமியையும் நீ என்போம். ஒருமை என்றால் நெருக்கம். உண்மைதான். ஆனால் பதிவுகள் கையில் இருந்தன. ஊர்த்தெருவில் முதன்முதலாகச் சந்தித்த ஒருவரிடமாவது அந்த நெருக்கம் எனக்கு வந்திருக்கிறதா என்று தேடினேன். இல்லை. சேரியில் ஒருவராவது என்னைத் திருப்பி 'நீ' என்று சொல்லியிருக்கிறாரா என்று தேடினேன். அதுவும் இல்லை. அந்த ஆடு மேய்த்த பெரியவர் என்னைப் பார்த்து 'நீ எங்கடா போற?' என்று கேட்டிருந்தால் எனக்கு எப்படி இருந்திருக்கும்? மனதுக்குள் ஓர் உதறல் வந்தது. நெருக்கம் என்ற சமாதானம் அதோடு போயிற்று.

இந்த மண்ணில் இருந்துகொண்டு இப்படி ஆனேன் என்பது எனக்குக் கூடுதல் வெட்கம். பண்ருட்டியை அடுத்த திருவாமூரில் பிறந்தவர் திருநாவுக்கரசர். திருவதிகையில் சூலை நோய் தீர்ந்து, உழவாரம் ஏந்திக் கோயில் கோயிலாகப் புல் செதுக்கியவர். சீர்காழியில் அவரைச் சந்தித்த ஞானசம்பந்தர் சிறு பிள்ளை; அந்தணர் வீட்டுப் பிள்ளை; ஏற்கெனவே ஊர் கொண்டாடும் பிள்ளை. காலில் விழுந்த பெரியவரை எடுத்து நிறுத்தி 'அப்பரே' என்றார். நாவுக்கரசருக்கு நிலைத்துப்போன பெயர் அந்தக் குழந்தையின் வாயிலிருந்து வந்தது. பிறகு சுந்தரர் வருகிறார். அப்பர் கையால் தொண்டு செய்த திருவதிகை மண்ணைக் காலால் மிதிக்க அவருக்கு மனம் வரவில்லை. ஊருக்குள் போகாமல் வெளியே சித்தவட மடத்தில் படுத்துக்கொள்கிறார். ஒரு வயதானவர் பக்கத்தில் வந்து படுத்து, தூக்கத்தில் காலை நீட்டுவதுபோல் அவர் தலைமேல் வைக்கிறார். சுந்தரர் இடம் மாறிப் படுக்கிறார். கிழவரின் கால் மறுபடி தலைமேல் வருகிறது. கடைசியில்தான் அது சிவனுடைய கால் என்று தெரிகிறது. பெரியபுராணத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இது. மேடையில் பலமுறை சொல்லியிருக்கிறேன். இந்தப் பயணத்திலும் கெடிலக் கரையில் நின்று நினைத்துக்கொண்டேன். அன்றே, வழியில் நின்ற ஒரு கிழவரை 'ஏம்பா' என்றேன்.

அதே புராணத்தின் நந்தன் கதை தில்லையில் முடிகிறது. அவர் பிறந்ததாகச் சொல்லும் ஆதனூரும் காட்டுமன்னார்கோயில் பக்கம்தான். தீயில் மூழ்கி எழுந்த பிறகே அவருக்கு வழி திறந்தது என்ற முடிவை நான் வகுப்பெடுப்பதுபோல் விமர்சித்து எழுதியிருக்கிறேன். நந்தன் பெயரில் சிதம்பரத்தில் 1916இல் கல்விக் கழகம் தொடங்கி, ஒடுக்கப்பட்ட பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுவந்த சுவாமி சகஜானந்தரைப் பற்றியும், காட்டுமன்னார்கோயில் தந்த எல். இளையபெருமாளைப் பற்றியும் எழுதியிருக்கிறேன். சாவுக்குப் பறை அடிக்கமாட்டோம் என்று இந்த வட்டாரத்தில் மக்களைச் சொல்லவைத்தவர் இளையபெருமாள். அவர் தலைமையில் 1965இல் அமைக்கப்பட்ட குழு நாடு முழுக்கச் சுற்றி, தீண்டாமை எந்தெந்த உருவத்தில் நடக்கிறது என்று 1969இல் அறிக்கை கொடுத்தது. இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' 1994இல் வந்தது. அதில் சேரிக்கே துணி வெளுக்கும் ஆரோக்கியம் ஒவ்வொரு வாசலிலும் நின்று எப்படிக் கூப்பிடப்படுகிறாள் என்று நண்பர்களிடம் வாசித்துக் காட்டியவன் நான். இவ்வளவையும் படித்தேன், எழுதினேன், பேசினேன். ஒன்றுகூட நாக்கு வரைக்கும் இறங்கவில்லை.

2020 அக்டோபரில் ஒரு படம் வெளியானது. சிதம்பரத்தை ஒட்டிய தெற்குத்திட்டை ஊராட்சியில் கூட்டம். தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண். அவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார், மற்றவர்கள் நாற்காலியில். வழக்குப் பதிவானது. அந்தப் படத்தைப் பார்த்து எனக்கு வந்த கோபம் உண்மையானது. இப்போதும் அதை மறுக்கமாட்டேன். கோபமாக எழுதினேன். அந்த நாற்காலிக்காரர்களை வேறு வகை மனிதர்களாக நினைத்து எழுதினேன். அதுதான் பிசகு. அந்த அறையில் நான் இருந்திருந்தால் எழுந்து அவருக்கு நாற்காலி போட்டிருப்பேன் என்று நம்புகிறேன். போட்டுவிட்டு, 'உக்காரு' என்றிருப்பேன்.

இதுவரை சொன்னது பழக்கம். அதற்கு வளர்ப்பைக் காரணம் காட்டலாம். இனிச் சொல்லப்போவதற்குக் காரணம் காட்ட முடியாது.

வீடு திரும்பியதும் பழைய பதிவுகளை எடுத்தேன். 2011 டிசம்பர் 30 அதிகாலையில் கரை கடந்த தானே புயல் பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. தாத்தா வைத்த பலா ஒரு ராத்திரியில் போனது. ஒரு முந்திரி மரம் திரும்பக் காய்க்க வருஷக்கணக்கில் ஆகும். கொல்லைக்காரருக்கு நிவாரணம் என்று பேச்சாவது இருந்தது, கொட்டை உடைத்துப் பிழைத்த பெண்களுக்கு அதுவும் இல்லை. அவர்களைத் தேடிப்போய் எழுதினேன். முந்திரிக்கொட்டை ஓட்டில் இருக்கும் எண்ணெய் தோலை அரித்துவிடும். விரலில் சாம்பலைத் தடவிக்கொண்டு, ஒரு கையால் கொட்டையை நிறுத்தி, மறு கையால் கட்டையால் தட்டுவார்கள். பருப்பு உடையாமல் முழுசாக வந்தால்தான் விலை. விரல் நுனிகள் கறுத்து, ரேகை தேய்ந்து போயிருக்கும். ரேஷன் கடையில் கைரேகை வைக்கும் முறை வந்தபோது இந்தப் பெண்களைத்தான் நினைத்தேன். அந்தக் கட்டுரை பாராட்டப்பட்டது. அந்தக் கைகளை எழுதிய விதத்துக்காக எனக்குக் கடிதங்கள் வந்தன.

பதிவைக் கேட்டேன். அச்சான பக்கத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு கேட்டேன். பக்கத்தில் இருப்பது: 'உங்களுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கிடைக்கும்மா?' பதிவில் இருப்பது: 'ஒரு நாளைக்கு எவ்ளோ குடுக்கறாங்க ஒனக்கு?' பக்கத்தில்: 'கையைக் காட்டுங்களேன்.' பதிவில்: 'எங்க, கையக் காட்டு.' அவர் காட்டுகிறார். என் கேமராவின் சத்தம் கேட்கிறது. அவர் அதன்பிறகு பேசியதை ஒரு எழுத்து மாறாமல் எழுதியிருக்கிறேன். அவருடைய கொச்சை, அவருடைய திக்கல், அவர் அழுதது எல்லாம் அப்படியே. என் பேச்சை மட்டும் மாற்றியிருக்கிறேன். அதே கட்டுரையில் வரும் கொல்லைக்காரரிடம் நான் கேட்ட கேள்விகளில் எதையும் மாற்றவில்லை. மாற்றத் தேவை இருக்கவில்லை.

எழுத உட்காரும்போது எனக்கு எது சரி என்று தெரிந்திருக்கிறது. தெரிந்ததால்தான் மாற்றினேன். அவர் எதிரில் நின்றபோது தெரியவில்லை என்று சொன்னால் அது பாதி உண்மை. படிக்கப்போகிறவர்களின் முன்னால் மரியாதையாக இருக்கவேண்டும் என்று தோன்றியிருக்கிறது. அவர் முன்னால் இருக்கவேண்டும் என்று தோன்றவில்லை. படிப்பவர்கள் பெரும்பாலும் என்னைப் போன்றவர்கள். ஆக, அந்த மரியாதை அந்தப் பெண்ணுக்குத் தரப்பட்டதே இல்லை. அவர் பெயரைச் சொல்லி வேறு யாருக்கோ தரப்பட்டது. 1929 செங்கல்பட்டு மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லை என்று முடிவெடுத்த சுயமரியாதை இயக்கத்தின் நிழலில் வளர்ந்தவர்கள் நாம். எங்கள் ஊரில் வாசல் பலகையில் சாதி கிடையாது என்று வடநாட்டு நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். அது பொய்ப் பெருமை இல்லை. அந்த மாற்றம் உண்மையிலேயே பெரியது. எழுத்தில் சாதியை அழிப்பது எப்படி என்று நாம் நன்றாகக் கற்றுக்கொண்டோம். நான் அதை என்னுடைய குற்றத்தை அழிக்கப் பயன்படுத்திக்கொண்டேன்.

ஒவ்வொரு கட்டுரையாக ஒப்பிட்டுப் பார்த்தேன். பதிவு மிச்சமிருந்த எல்லாவற்றிலும் இதே கதை. பதிவு அழிந்துபோனவற்றில் வேறு மாதிரி நடந்திருக்கும் என்று நம்ப எனக்கு உரிமை இல்லை.

பிறகு அந்த முந்திரி உடைக்கும் பெண்ணைத் தேடிப்போனேன். இப்போது கொட்டை உடைக்கப் போவதில்லை, மூட்டுவலி. அடையாளம் கண்டுகொண்டார். 'நீங்க' என்று தொடங்கினேன். வாயில் அது சரியாக உட்காரவில்லை. மனு வாங்கும் அதிகாரி பேசுவதுபோல் இருந்தது எனக்கே. அவருக்கும் விநோதமாக இருந்திருக்கவேண்டும், 'இன்னா சார், புதுசா பேசுறீங்க' என்றார். சொன்னேன். அன்று எப்படிக் கேட்டேன், எப்படி எழுதினேன் என்பதைச் சொன்னேன். கட்டுரையை அவர் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நான் கொண்டுபோய்க் கொடுக்கவும் இல்லை.

அவர் கொஞ்ச நேரம் முறத்திலிருந்த உளுந்தைப் புடைத்துக்கொண்டிருந்தார்.

"நாங்க அதையெல்லாம் கண்டுக்கறதில்ல சார். பொறந்ததுலேர்ந்து கேக்கறதுதான். எம் மவன் கண்டுக்குவான். அவன் இருக்கறப்ப யாராவது என்னை அப்புடிப் பேசுனா, அவன் மூஞ்சியப் பாக்கவே எனக்குப் பயமா இருக்கும். சண்டைக்குப் போயிடுவானோன்னு. நீங்க அன்னிக்கி வந்தப்ப அவன் ஸ்கூலுக்குப் போயிருந்தான். நல்லவேள."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நான் மன்னிப்புக் கேட்டதற்கும் அவர் பதில் சொல்லவில்லை. டீ போடவா என்று கேட்டார். போடச் சொன்னேன். டீ குடித்து முடிக்கிற வரைக்கும் மகன் வருவானோ என்று நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும். அவனைப் பார்க்க எனக்குத் துணிவில்லை. அவன் வருவதற்குள் கிளம்பிவிட்டேன். மன்னிப்பை, பதில் சொல்லமாட்டார் என்று தெரிந்த ஆளிடம் கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

அந்த மகனுக்கு இப்போது இருபதுகளில் வயது. சிதம்பரத்தில் படித்துவிட்டு கடலூரில் வேலையில் இருக்கிறான் என்று அம்மா சொன்னார். பாருங்கள், 'இருக்கிறான்' என்று எழுதிவிட்டேன். டீக்கடையில் பார்த்த பையனிடம் 'நீங்க காலேஜா?' என்று கேட்டதைப்போல எழுதவேண்டுமானால் 'இருக்கிறார்' என்று வந்திருக்கவேண்டும். முன்னால் உள்ள வரிகளிலும் அவர் எனக்கு 'அவன்' ஆகத்தான் வந்திருக்கிறார். முன்பானால் அச்சுக்குப் போகுமுன் மாற்றியிருப்பேன். அவை அப்படியே இருக்கட்டும்.

அந்தக் கட்டுரைகளைத் தொகுத்து நூலாக்க ஒரு பதிப்பாளர் கேட்டிருந்தார். கேள்விகளை நான் கேட்டபடியே, பதிவில் உள்ளபடியே அச்சிட்டால் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். படிக்கிறவர்களுக்கு அது நெருடும், முன்னுரையில் ஒரு பத்தி எழுதிவிட்டால் போதாதா என்று கேட்டார். போதாது என்றேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார். நான் பதிவுகளைக் கேட்டு ஒவ்வொரு வரியாகத் திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறேன். தானே புயல் கட்டுரை முடிந்தது. அதன் ஒரு படி அந்த அம்மாவின் வீட்டுக்கு, மகன் பெயருக்குத் தபாலில் போயிருக்கிறது. உறையின் மேல் 'திரு.' போட்டு எழுதினேன். என் தொலைபேசி எண்ணையும் உள்ளே எழுதியிருக்கிறேன்.